ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை

க்ராலேவோ, செர்பியா,
நவம்பர் 3

அன்பு மகன் வுகாஷினுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், என் முட்டிகள் மட்டும் சுகமில்லை. உன் முட்டி மடங்குகிறதா, ஏதென்ஸ் டாக்டர் என்ன சொன்னார், மறைக்காமல் எழுது. நேற்று போனில் அம்மாவிடம் கேட்டாயாமே, "க்ளப்பும் என்னை விட்டுடுச்சு, இந்த வருஷம் சும்மாதான் இருக்கேன், ஸ்லாவாவுக்கு நான் வரலாமா, அப்பா கூப்பிடுவாரா" என்று. அவள் மாவுக் கையோடு வந்து சொன்னாள். நம் குலப் புனிதர் மிக்கேலின் திருநாளான ஸ்லாவாவுக்கு இந்த வீட்டில் என்றைக்கு யாரை அழைத்திருக்கிறோம்? ஒருமுறை வந்தவன் வருஷாவருஷம் தானாக வருவான், கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். விருந்தாளியே கேட்காத கேள்வியைப் பெற்ற பிள்ளை கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

உன்மேல் மட்டும் பழி போடவும் மனசு வரவில்லை. மீசை முளைக்காத வயதில் கூடைப்பந்து ஆடக் கிரேக்கத்துக்குப் போனாய். தெசலோனிகி க்ளப்பில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இடமில்லை என்றதும், உன் அம்மாவின் அப்பா கிரேக்கர் என்பதை வைத்து இன்னொரு பாஸ்போர்ட் வாங்கினோம். பனியன் முதுகில் நம் குடும்பப் பெயர் விலோட்டிச் போய் அவர் பெயர் ராப்டிஸ் வந்தது. அங்கே கூடையில் பந்து விழுந்தால் "நம்ம பையன்", தவறினால் "அந்த செர்பியன்" என்பார்கள் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெல்கிரேடில் நீ கிரேக்கத்துக்காக நம் அணியை எதிர்த்து ஆடிய அன்று எனக்குப் பின்னால் ஒருவன், "விலை போன பயலே" என்று தொண்டை கிழியக் கத்தினான். திரும்பி, "அவன் என் மகன்யா" என்றேன். பாவம், முகம் செத்துப்போய், கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். இரண்டு பேரும் கொரித்துக்கொண்டே மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எனக்குத் தோல்விதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இங்கே பக்கத்து வீட்டு க்வோஸ்தென் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "மிலுதின், உன் கிரேக்கனுக்கு வீட்டுக்கு வழி தெரியுமா, இல்ல படம் போட்டு அனுப்பணுமா?" என்கிறான். "அவன் உயரத்துக்கு உன் கூரையைத் தாண்டியே வீடு தெரியும், நீ தலையை உள்ளே இழு" என்றேன். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. உடம்புதான் ஓய்ந்துவிட்டது மகனே. ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை நின்றுகொண்டே ஊற்றிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் மதியத்துக்குமேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிரியார் பார்த்தும் பார்க்காதவர் போலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அதிலிருந்து உன் சித்தப்பா மகன் ராடோயே, "கிரேக்க அண்ணன் எங்க வரப்போறாரு பெரியப்பா, ஸ்லாவா மெழுகுவர்த்தியை இனி எங்க வீட்டுலயே ஏத்திக்கிறேனே" என்கிறான். நல்ல பையன், ஆசையாகத்தான் கேட்கிறான். கொடுத்துவிட்டால் ஸ்லாவா இந்த வீட்டைவிட்டுப் போய்விடும், திரும்ப வராது. யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா ஸ்லாவாவுக்கு அவிக்கும் கோதுமைக்கு வால்நட் உடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஆகவே உன்னை நான் அழைக்க மாட்டேன். இருபத்தோராம் தேதி கதவு திறந்திருக்கும். வந்தால் மேசையில் உனக்கு நாற்காலி போட மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒயின் குடுவையை உன் கையில் கொடுத்துவிட்டு நான் உட்காருவேன்.

புனிதர் மிக்கேல் உன் கால்களைக் காக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. முட்டிக்குக் கட்டும் பட்டை மறக்காமல் எடுத்து வா, நாளெல்லாம் நிற்க வேண்டியிருக்கும்.

உன் அப்பா,
மிலுதின் விலோட்டிச்