அந்தக் காகிதத்தில் என் பெயர் எதற்கு?

பாரூர்,
5-6-2025

அன்புப் பேத்தி மேகலாவுக்கு உன் ஆயா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஓசூர் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ கொடுத்த காகிதத்தை, நீ செய்த மாங்காய் பறிக்கிற தொரட்டிக்குப் பேட்டன்ட்டே வந்துவிட்டது என்று நினைத்து, மத்தூரில் கண்ணாடி போட்டு, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். போன வாரம் தமிழ்செல்வி டீச்சர் படித்துவிட்டு, “ஆயா, இது பேட்டன்ட் இல்ல. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிச்ச மாதிரிதான். பன்னெண்டு மாசத்துக்குள்ள முழு விண்ணப்பம் போடலன்னா துண்டும் போச்சு, எடமும் போச்சு” என்று சிரிக்கிறாள். அப்படியென்றால் ஒரு வருஷமாக ஊருக்கு நான் பொய்யா சொன்னேன்? அதில் போட்டிருக்கிற தேதி போன வருஷம் ஜூன் இருபத்தாறாம். இன்னும் இருபத்தொரு நாள்தான். நீ ஏன் போடவில்லை?

நேற்று உன் கம்பெனியில் வேலை செய்கிற ராஜேஷ்குமார் தம்பி மாங்காய் வாங்க வந்தது. அதுதான் சொன்னது. செலவை ஏற்றுக்கொள்ள ஒரு முதலாளி இருக்கிறாராம். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரோடு என் பெயரும் இருக்கிறதாம். அஞ்சாங்கிளாஸ் கிழவி பெயரை எடுக்கச் சொல்கிறாராம். “எங்க ஆயா பேர எடுத்தா நான் போடவே மாட்டேன்” என்று நீ எழுந்து வந்துவிட்டாயாம்.

நான் என்ன கண்ணு கண்டுபிடித்தேன்? காம்புப் பால் வழிந்து தோல் கறுக்காமலிருக்க, வெட்டினதும் காய் தலைகீழாய்க் கவிழும்படி தொரட்டி நுனிக் கம்பியை வளைத்துக் கொடுத்தேன். அதற்கெல்லாம் பெயர் போடுவார்களா? அன்று நீ கையெழுத்துக் கேட்டபோது ரேஷன் கார்டுக்கு என்று நினைத்தல்லவா போட்டேன்! பெயரை எடுத்தால்தான் பொய் என்கிறாள் டீச்சர். எடுத்தால் ஒன்றும் ஆகாது என்கிறது அந்தத் தம்பி. எது சரி? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என் பெயரை அடித்துவிட்டுப் போட்டுவிடு சாமி. நாள் தவறினால் உன் பெயரும் அல்லவா போய்விடும்? எனக்கு வருத்தமில்லை. நிஜமாகவே இல்லை. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள்.

அடிப்பதற்கு முன்னால், என் பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. இங்கிலீஷில்தான் இருக்கும். எது என் பெயர் என்று அடியில் ஒரு கோடு போடு.

உன் நல்லதையே நினைத்திருக்கும் ஆயா,
மா. சென்னம்மாள்