முள்ளுப் புலவனின் படலைப் பாட்டு

மச்சாள்,

இந்தக் குளிருக்கு அண்ணா உங்கள் நீலக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து தந்தார். "அலுமாரியிலை சும்மா கிடக்குது, நீ போடு" என்றார். போட்டுக்கொண்டேன். பூச்சியுருண்டை மணத்துக்கு அடியில் உங்கள் மணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நோபல் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, இதன் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நீங்கள் நடந்த சனிக்கிழமைதான் முதலில் ஞாபகம் வந்தது.

பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தீர்கள். மிச்ச நேரமெல்லாம் முள்ளுப் புலவனோடுதான் குடித்தனம் என்று அண்ணா பகிடி பண்ணுவார். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவு எழுதியவன் அவன். பகலெல்லாம் துரைமாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பொழுதுபட்டதும் அவர்களையும் அவர்களிடம் பல்லிளித்த ஊர்ப் பெரியவர்களையும் வசைபாடினவன். அவனுடைய சொந்தப் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. உங்கள் தகப்பனார் பாடிக்காட்டிய பாட்டுகளைக் கொண்டு அவனைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடவேண்டுமென்று ஆசைப்பட்டீர்கள்.

துரை பரிசாகத் தந்தது என்று சொல்லி இரவல் சட்டையில் திரிந்த ஒருவனைப் பற்றிய பாட்டுத்தான் உங்களுக்கு உயிர். ஊரே அதைப் பாடிச் சிரித்ததாம். அதன்பிறகு அந்த மனிதன் தன் வீட்டு வாசற்படலையைத் திறக்கவேயில்லையாம். வயதான காலத்தில் புலவன் அந்தப் படலையடியில் போய் நின்று பாடியதாகவும் ஒரு பாட்டு இருந்தது. தன் நாக்கு சாத்திய படலையைத் தன் நாக்காலேயே திறக்க முடியவில்லையே என்று அழுகிற பாட்டு. அதை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது அவன்ரை இல்லை. ஆரோ நல்ல பிள்ளை பிறகு எழுதிச் செருகினது" என்றீர்கள். "வசை பாடுறவன் அழமாட்டான்."

ஒரு வருஷம் பொங்கலுக்கு மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். நீங்கள் சட்டைப் பாட்டைப் பாடினீர்கள். மண்டபம் குலுங்கியது. அந்த உற்சாகத்தில் நீங்களாகவே ஒரு பாட்டுக் கட்டினீர்கள். காலையில் கழுத்துப்பட்டியோடு ரயிலேறுகிற பெரிய என்ஜினியர், டண்டினோங் கார்த் தொழிற்சாலை வாசலில் பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஆணி முடுக்கப் போகிறார் என்று. யாரோ கதைவாக்கில் சொன்னதைத்தான் பாடினீர்கள். யாரைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியாது. நான்தான் எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில், அப்போதுதான் ஊரிலிருந்து வந்து புருஷனோடு சேர்ந்திருந்த சிவகுருவின் மனைவியும் சிரித்தாள். சிரித்தபடியே புருஷன் பக்கம் திரும்பினாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது.

சிவகுருவின் என்ஜினியர் படிப்பை இந்த நாட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்வதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நான் பேர் சொல்லேல்லையே" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டீர்கள். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினீர்கள். புத்தக வேலையும் நின்றது. குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பாராமலே சொன்னீர்கள்:

"அந்தப் படலைப் பாட்டு அவன்ரைதான்."

"எப்பிடித் தெரியும்?"

"வேறை ஆருக்கு அது தெரிஞ்சிருக்கும்?"

அந்தச் சனிக்கிழமைதான் நோபல் பார்க்கில் இருந்த சிவகுரு வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி கதவைத் திறந்து, கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

"அண்டைக்கு நான் பாடினது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றீர்கள்.

"நீங்கள் பொய் சொல்லேல்லையே, அக்கா. இவர் எனக்குச் சொல்ல ஒரு நேரம் பாத்துக்கொண்டிருந்தவர். அந்த நேரத்தை நீங்கள் எடுத்திட்டியள்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிவகுரு தேத்தண்ணியோடு வந்து எதிரே இருந்தார்.

"அண்டைக்கு எனக்குப் பாட்டு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காப் பாடுங்கோ" என்றார்.

நீங்கள் அந்த என்ஜினியர் பாட்டைப் பாடவில்லை, படலைப் பாட்டைப் பாடினீர்கள். அவர் தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டார்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் அவர்கள் சிட்னிக்குப் போய்விட்டார்கள். பென்டில் ஹில்லில் வீடு எடுத்தார்களாம். மன்னித்தார்களா என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில், உங்கள் கடைசி நாட்களில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புத்தகம் வந்தால் அந்தப் பாட்டை முதல்லை போடும். பகிடியெல்லாம் பிறகு" என்றீர்கள். அப்படியே செய்வேன், மச்சாள்.

ஆனால் உங்களிடமிருந்து என்னோடு வந்து தங்கியது வேறொன்று. இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன். யாராவது பகிடி விட்டால் மண்டபமே சிரிக்கிறது. நான் மட்டும் சற்றுப் பிந்தித்தான் சிரிக்கிறேன். அதற்குள், சிரிக்காமல் இருப்பது யார் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.