பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டவர்கள்

மார்கழி, செவ்வாய் இரவு.

வெள்ளம் சூழ்ந்த பழுகாமத்துக்கு நாளை போகிற தோணியில் ஏற்ற, கடையிலிருந்த பால்மா முழுவதையும் இன்று வானொலி நேயர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டுக் கேட்டுத் தபாலட்டை எழுதுவதைத் தவிர வேறு வேலையில்லாத கூட்டம் என்றுதான் அவர்களை நினைத்திருந்தேன்.

மன்றத்துக்காகக் கேட்டு வந்தவள் கல்லடித் தையல்காரி யோகா. அரிசி கொண்டுபோ என்றேன். பால்மா விலை ஏறப்போகிற சரக்கு, விட மனமில்லை.

"அரிசி அரசாங்கக் கச்சேரியால போகுது முதலாளி. கைக்குழந்தைகளை ஆரு பாக்கிற?"

"அங்க எந்த வீட்டில குழந்தை இருக்கு எண்டு உனக்கு எப்புடிப் புள்ள தெரியும்? நீ அந்தப் பக்கம் போனதே இல்லையே."

"வானொலியில பிறந்தநாள் வாழ்த்து ஒண்டும் விடாமக் கேக்கிற ஆக்கள் நாங்க. சரோ வீட்டு மகளுக்குப் போன மாசம்தான் ஒரு வயசு. மணியத்தார் வீட்டில இரட்டைப் புள்ளைகள். உங்கட பேரன்ட பேரும் தெரியும், சொல்லவா?"

முகமே தெரியாத சனத்தை வீடு வீடாகச் சொன்னாள். பால்மாப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

"உங்களுக்கு வானொலியில நன்றி சொல்ல எழுதிப் போடுறம்" என்றாள். பதறிப்போனேன். கொடுக்கக்கூடிய ஆள் என்று தெரிந்தால் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரும் கடைவாசலில் நிற்பார்கள். பிறகு...

பேசி முடித்தது இதுதான்: வாங்கின விலைக்கே பால்மா, பாதிக் காசு இப்போது, மீதி தைப்பொங்கல் கழிய. என் பெயர் வானொலியில் வரவே கூடாது.