படகில் போனவள் திரும்பி வர வேண்டாம்

என் வாயாடிப் பேத்திக்குப் பாட்டி ஆசையோடு எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை.

உன் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டேன். நீ பேருந்தில் போனாய். கதையில் வருகிறவள் வெள்ளத்தில் படகேறிப் போகிறாள். இருக்கட்டும், படகுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. வேறு பெயரில் எழுதியதால் அது நீதான் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு வாசகர் கூட்டம். நூலகர் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, நினைத்ததை எழுதிப் பலகையில் குத்தச் சொன்னார், பதிப்பகத்துக்கு அனுப்புவாராம். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுத் தையல்காரிதான் முதலில் எழுந்தாள். "என்னா தைரியம் அந்தப் பொண்ணுக்கு! அப்பன் ரூம்ல போட்டுப் பூட்டியும் போயிட்டாளே! எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள். நீ பெட்டியோடு பேருந்துக்கு நின்ற அன்று, கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்து, "எவன் காத்துக்கிட்டிருக்கானோ" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னதும் இதே வாய்தான். காகிதத்தில் வெள்ளம் வந்தால் அழுவாளாம். கண்ணெதிரே ஒரு பெண் வெயிலில் நின்றால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மாட்டாளாம்.

அடுத்தது கணக்கு வாத்தியார். இப்படிப்பட்ட பெண்கள்தான் நாட்டுக்குத் தேவை என்றார். நாட்டுக்குத்தான் தேவை, அவர் வீட்டுக்குத் தேவையில்லை. மேலே படிக்கிறேன் என்று கேட்ட மகளை வீட்டோடு உட்காரவைத்தவர் அவர். அந்தப் பெண்ணும் கடைசி வரிசையில்தான் இருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: கடைசியில் அவள் திரும்பி வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் மனசுக்கு நிறைவாக இருந்திருக்குமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு மன்னிப்பு? படகு ஓட்டினதுக்கா?" என்று கேட்டேன். "கதைதானே பாட்டி, ஏன் இவ்ளோ கோவம்?" என்று வாத்தியார் இளித்தார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அடுத்த பதிப்பில் முடிவை மாற்றலாமா என்று போன கடிதத்தில் கேட்டு எழுதியிருக்கிறாய். மாற்றிப்பார், அப்புறம் இருக்கிறது உனக்கு.

கூட்டம் கலைந்ததும் பலகையருகே போனேன். உன் அப்பன் கூட்டத்துக்கு வரவில்லை, அவனாவது வருவதாவது. ஆனால் மூலையில் ஒரு தாள், பெயர் போடாமல், அவனுடைய கோணல் எழுத்தில். எப்போது வந்து குத்திவிட்டுப் போனானோ. பெற்றவளுக்கு அந்த எழுத்து தெரியாதா? 'அந்தப் பெண் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். பூட்டை எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று' என்று எழுதியிருக்கிறான். இடப்பக்கம் திருப்பினால் திறக்காத பூட்டு, வலப்பக்கம் திருப்பி ஒரு குத்து விட்டால் திறக்கும் என்று கதையில் எழுதினாயே, அது யார் வீட்டுப் பூட்டு என்று அவனுக்குத் தெரியாமலா போகும்?

நாலு வருஷமாகப் பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுதத் துப்பில்லை. கதையில் வருகிறவளுக்கு மனுப் போடுகிறான்!

அவன் கேட்பதைப் புத்தகத்தில் மட்டும் கொடுத்துவிடாதே, கண்ணு. கொடுத்தால் அதைப் படித்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று குறட்டை விடுவான். நீதான் வேண்டும் என்றால் உன்னைக் கேட்கட்டும். படகில் போனவள் போனவளாகவே இருக்கட்டும்.

காலையில் உன் அப்பன் வேலைக்குக் கிளம்பும்போது, தபாலில் சேர்க்கச் சொல்லி இதை அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன். உன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. உள்ளே இன்னொரு தாள் வைக்க இடம் இருக்கிறது. என் தாள் மட்டும் தனியாக வந்து சேர்ந்தால் எனக்கு எழுது, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இரு.

உன் பாட்டி