முருகையனுக்கு எட்டு, எனக்கு மூன்று

ஜனவரி 6, திங்கள்

காலை. மப்பு, வானம் முழுக்க மேகம். காற்று இல்லை. ஏரித் தண்ணீர் மதகுப் படியில் மேலிருந்து இரண்டாவது. புழு போட்டோம். எனக்கு மூன்று ஜிலேபி மீன். முருகையனுக்கு எட்டு.

இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. என் வீட்டுக்காரி வள்ளி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுபத்தொரு வயது வரை கைநாட்டு வைத்த விரல் இது. இப்போது பேனா பிடிக்கிறது.

எங்கள் தெருவில் முதியோர் வகுப்பு எடுக்கிற சிந்துஜா சொல்லித்தான் இந்த நோட்டு. "தாத்தா, தெனமும் நாலு வரி எழுதுங்க. அப்பதான் மறக்காது."

"நான் இன்னாம்மா எழுதறது? தெனமும் மீன்தான் புடிக்கிறேன்."

"அப்ப மீனையே எழுதுங்க."

ஜனவரி 9, வியாழன்

மப்பு. லேசான காற்று. எனக்கு இரண்டு. முருகையனுக்கு ஏழு. அதில் ஒன்று ஒரு சாண்.

அவனைப் பற்றி இரண்டு வரி எழுத ஆசை. கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்லில் இருபது வருஷம் சேர்ந்து மூட்டை தூக்கினோம். மூட்டையில் நான் அவனுக்குச் சளைத்ததில்லை. மீனில் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அவன் தூண்டிலைக் கடையில் வாங்க மாட்டான். மூங்கிலை அவனே நெருப்பில் காட்டி நிமிர்த்துவான். மலைப் பக்கம் போய் மயில் உதிர்த்த இறகைப் பொறுக்கி வந்து, முடியை எல்லாம் உருவிவிட்டு, வெள்ளைத் தண்டை மட்டும் தக்கையாகக் கட்டுவான். எனக்கும் அவன்தான் கட்டித் தருவான். பெரிய மீன் என்றால் கையை இழுக்கும், யாருக்கும் தெரியும். ஜிலேபி அப்படி இல்லை. தக்கையை ஒரு நெல்மணி அளவு அமுக்கிவிட்டுப் புழுவைத் தின்றுவிட்டுப் போய்விடும். அந்த நெல்மணி அளவை முருகையன் பார்ப்பான். அவ்வளவுதான் அவன் வித்தை. அது எனக்கு வரவே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகியும் பௌர்ணமியும் ஒன்றாக வந்துவிட்டது. மீன் கிடையாது. பௌர்ணமி அன்று நாங்கள் தூண்டிலைத் தொட மாட்டோம்.

சாயங்காலம் இரண்டு பேரும் கிரிவலம் போனோம். நல்ல கூட்டம். வழி முழுக்க முருகையன் என் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தான். இத்தனை வருஷத்தில் இல்லாத பாசம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

வெயில். காற்று இல்லை. எனக்கு நான்கு. முருகையனுக்கு ஒன்று.

மறுபடி எழுதுகிறேன். எனக்கு நான்கு! முருகையனுக்கு ஒன்று!

ஜனவரி 18, சனி

வெயில். எனக்கு ஐந்து. முருகையனுக்கு சைபர்.

வள்ளியிடம் சொன்னேன். "பேனா புடிச்ச கைக்கு மீனும் வருதாக்கும்?" என்றாள். வரட்டுமே.

ஜனவரி 22, புதன்

மப்பு. எனக்கு இரண்டு. முருகையனுக்கு ஏழு. சரி, சரி.

ஜனவரி 25, சனி

வெயில் ஜாஸ்தி. எனக்கு ஆறு. முருகையனுக்கு சைபர்.

இன்று ஒன்று கவனித்தேன். அவன் தக்கை இரண்டு தரம் முங்கியது. நெல்மணி அளவு இல்லை, முழுசாகவே முங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். "ஏன்டா இழுக்கல?" என்றேன்.

"சின்ன மீனு. போவட்டும்."

மீனை வெளியே எடுக்காமலே சின்னது என்று எப்படித் தெரிந்தது?

ஜனவரி 27, திங்கள்

வெயில். எனக்கு மூன்று. அவனுக்கு சைபர். மூன்று தரம் அவன் தக்கை முங்கியது. நான் எண்ணினேன்.

கேட்டே விட்டேன். "நான் நோட்டுல எழுதறேன்னு எனக்கு வுட்டுக் குடுக்கிறியா?"

சிரித்தான். "நீதான் இப்ப படிச்சவன். ஜாஸ்தியா எழுதிக்கோ."

"பிச்சை போடறியாடா எனக்கு?"

அவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். காலடியிலேயே இருந்த வாளியைக்கூட விட்டுவிட்டுப் போனான். கோபம்.

எனக்கு மட்டும் கோபம் இல்லையா? முப்பது வருஷமா தோத்தேன். ஒரு நாளாவது மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேனா? தோக்கறதுக்கே சந்தோஷமா போனவன் நான். அவன்கிட்ட தோத்தா அது பெருமை. அவன் வுட்டுக் குடுத்து நான் ஜெயிச்சா அது இன்னா? இந்த நோட்டுல இருக்கிற நாலு, அஞ்சு, ஆறு — எல்லாம் பொய்யா?

ஜனவரி 28, செவ்வாய்

ஏரிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றும் போகவில்லை. நோட்டைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் படிக்கலாம் என்று தோன்றியது. எழுதுவேனே தவிர, எழுதியதைத் திருப்பிப் படித்ததே இல்லை.

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது.

மப்பு — எட்டு. மப்பு — ஏழு. வெயில் — ஒன்று. வெயில் — சைபர். மப்பு — ஏழு. வெயில் — சைபர். வெயில் — சைபர்.

எனக்கு விட்டுக்கொடுக்கிறவன் வெயில் பார்த்தா விட்டுக்கொடுப்பான்?

தக்கைத் தண்டு வெள்ளை. வெயில் அடித்தால் தண்ணீரும் வெள்ளை. கிரிவலத்தில் தோளில் கை. காலடியில் வாளி.

அட பாவி. தெரியலயாடா உனக்கு? உன் தக்கையே உனக்குத் தெரியலயா? நான் பிச்சைன்னு சொல்லிட்டேனே.

பிப்ரவரி 3, திங்கள்

முருகையன் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்தேன். வெயில், சைபர் என்று வந்த இடத்தில் கை நீட்டி நிறுத்தினான்.

"என் சைபரெல்லாம் எழுதி வச்சிருக்கியா? யாருகிட்ட காட்டறதுக்கு?"

"யாருகிட்டயும் இல்லடா. கண்ணுல புரை. இப்ப எடுத்துடறாங்க. ஆஸ்பத்திரி போலாம் வா."

"எங்க அண்ணனும் அப்படித்தான் போனான். கண்ணுல கத்தி வச்சாங்க. அதோட இருட்டு. எனக்கு மப்பு நாளாவது இருக்குது. அதையும் புடுங்கப் பாக்கிறியா?"

எழுந்து போய்விட்டான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில். எனக்கு ஐந்து. பூனைக்குப் போட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் முருகையன் வீட்டுக்கு வந்தான். வள்ளியிடம், "காப்பி போடு அண்ணி, சண்டையெல்லாம் அவன்கூடதான்" என்றான். குடித்து முடித்து, என் பக்கம் திரும்பாமல், "அந்த எட்டு மீனு நாளைப் படி" என்றான்.

படித்தேன்.

"காத்து இல்லைன்னு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"ம். காத்து இல்லதான். மறுபடி படி."

மூன்று தரம் படிக்க வைத்தான். அந்தக் காலையே அவன் முகத்தில் இருந்தது. பிறகு, "இப்ப வெயில் நாளு. ஒண்ணு வுடாம படி" என்றான். ஒவ்வொரு சைபரிலும் நின்று நின்று படித்தேன். தலை குனிந்து கேட்டான்.

"உனக்கு இன்னா, எழுத்தைத் தேடறியா? நிறுத்தி நிறுத்திப் படிக்கிற."

"ஆமாம், எழுத்துதான்."

"பொய் சொல்லாத." காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கத்தியைப் பாத்து நான் எழுந்து ஓடிட்டன்னா புடிச்சி உக்கார வைக்கணும். நீயே வரணும்" என்றான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திருவண்ணாமலை பஸ். பெயர்ப்பலகையை நானே படித்து அவனை ஏற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, "கூட வந்தவர் கையெழுத்து" என்றார்கள். பழக்கத்தில் என் கட்டைவிரல் மைப்பெட்டியைத் தேடிப் போனது. பிறகுதான் நினைவு வந்தது. பேனாவை வாங்கி எழுதினேன். கோதண்டராமன். வகுப்புக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து முருகையனின் கண்ணுக்காக.

உள்ளே போனவன் எழுந்து ஓடவில்லை. வெளியே இருந்த நான்தான் நாலு தரம் எழுந்து வாசல் வரை போய் வந்தேன். வலது கண். இடது கண் பிறகாம்.

பிப்ரவரி 19, புதன்

கட்டுப் பிரித்தார்கள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்தான்.

"பட்டனை மாத்திப் போட்டிருக்க. நேத்திலிருந்து இப்படியேவா சுத்தற?"

வராந்தாவில் போய் நின்று பட்டனைச் சரி செய்தேன். சரி செய்ய ரொம்ப நேரம் ஆயிற்று.

மார்ச் 3, திங்கள்

வெயில். தண்ணீர் நான்காவது படிக்கு இறங்கிவிட்டது. எனக்கு ஐந்து. தனியாகப் பிடித்தால் ருசி கம்மி.

முருகையன் கண்ணில் தூசியும் தண்ணீரும் படக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் தண்டு சீவுகிறான். பதினாறு தக்கை செய்து வைத்திருக்கிறான். எதற்கு இத்தனை என்றேன். "சும்மா உக்கார முடியல. நீ எழுதற, நான் சீவறேன்" என்றான். இடது கண்ணுக்கும் நாள் கேட்டு வைத்துவிட்டானாம். அவனே போய்க் கேட்டிருக்கிறான்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று பௌர்ணமி. இந்த முறை அவனுக்கு மலைசுற்ற அனுமதி இல்லை. நான் மட்டும் போனேன். தோள் லேசாக இருந்தது. பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

சரியான வெயில். காற்று இல்லை. தண்ணீர் ஆறாவது படி. முருகையன் வந்தான். டாக்டர் சரி என்றுவிட்டாராம்.

தண்ணீர் ஒடுங்கிக் கிடந்த மதகு மூலையில் அவன் எதிர்க் கரைக்குப் போய், சூரியனைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தான். வேண்டுமென்றேதான். நான் வாளியை வைத்துவிட்டு, மறக்கும் முன் வெயில், காற்று, படி எல்லாம் எழுதிவிடலாம் என்று நோட்டை மடியில் விரித்தேன்.

எதிர்க் கரையிலிருந்து சத்தம்.

"டேய் கோதண்டம்! பேனாவைக் கீழ போடு! உன் தக்கை முங்குதுடா!"

இழுத்தேன். ஒரு சாண் ஜிலேபி.

எனக்கு இரண்டு. முருகையனுக்கு ஒன்பது. என் இரண்டில் ஒன்று அவன் பார்த்தது.