தூண் தன் நிழலை விழுங்கும் நாள்

கடல் பொய்யாது பொலிக! மலை மழை மறவாது பொலிக! இரண்டுக்கும் நடுவே ஓடும் வளையாறு இரு கரைக்கும் பொதுவாகி நெடிது வாழ்க!

தேனும் தேக்கும் குறையாத குன்றுகளுக்கு உரியவரும், சினம் வந்தால் இடியையும் சினம் தணிந்தால் மழையையும் ஒப்பவருமாகிய செம்பொறை நாட்டுக் கோவேந்தர் பெருவிறலனார் திருமுன்னர், தன் மகன் முடிசூடும் காலம்வரை வெண்மணற்றுறை நாட்டைக் காத்து நிற்கும் உமையாள் நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை நலமா, கொற்றவை கோயில் விளக்கு நலமா, தங்கள் பட்டத்து யானையின் வயிற்றுக்கோளாறு தீர்ந்ததா என்று முறைப்படி கேட்டுக்கொண்டோம்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. வாழ்த்து ஒரு வரி, மீதியெல்லாம் வசவு. மிளகுக் கடைக்காரன் மகளிடம் சொல்லுறுதியை எதிர்பார்த்தது எம் பிழையே என்றும், வைகாசி பிறந்த அன்றே எம் படை வளையாற்றைக் கடக்கும் என்றும், மகள் பவழநங்கைக்கு மாப்பிள்ளை வேறிடத்தில் பார்த்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தீர்கள். மிளகுக்கடை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சம்பந்தியாரே, கடையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்க வந்தவர் கூச்சலிட்டால் நாங்கள் கூச்சலிடுவதில்லை. தராசின் முள்ளைப் பார்ப்போம். இம்முறையும் அதையே செய்தோம்.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்ல இசைவு தருக. நம் இரு குலத்துக்கும் பழைய வழக்கம் ஒன்றே: கோட்டை வாயிலில் நட்ட கல்தூண், சித்திரையில் எந்த நாள் நடுப்பகலில் தன் நிழலைத் தானே விழுங்கி நிற்கிறதோ, அந்த நாளே மங்கல நாள். ஆகவே, அந்நாளில் இரு நாட்டாரும் தத்தம் வாயிலிலிருந்து புறப்படுவது, வளையாற்று மணலில் சந்திப்பது, அங்கேயே எம் மகன் இளநாகனுக்கும் தங்கள் மகள் பவழநங்கைக்கும் மாலை மாற்றுவது என்று உறுதி செய்தோம். ஆறு இரு ஊருக்கும் சரிபாதி வழியில் இருப்பதால் ஒரே வேளையில் சேர்வோம் என்று நீங்களும் நம்பினீர்கள், யாமும் நம்பினோம். எம் தூண் நிழலை விழுங்கியது, புறப்பட்டோம். ஆற்றில் மீன்கொத்தியைத் தவிர எவரும் இல்லை. காத்திருந்தோம், மாலை வாடியது, சமைத்தது கெடும் முன் உண்டோம், முணுமுணுத்துக்கொண்டே திரும்பினோம். அதற்குப் பல நாள் கழித்துத் தங்கள் தூண் நிழலை விழுங்கியிருக்கிறது. தாங்கள் மகளை அலங்கரித்துக்கொண்டு வந்தீர்கள். மணலில் கண்டதோ எங்கள் எச்சில் இலைகள். பெண்ணைப் பெற்றவர் அதைக் கண்டு சினந்ததில் வியப்பில்லை. யாமாக இருந்தால் இலையை வீசிய ஆளைத் தேடியிருப்போம்.

தங்கள் வசவு வந்ததும் நாளும் கோளும் கணிக்கும் எம் பெருங்கணியார் ஆதித்தநம்பியை அழைத்தோம். வடக்கத்தியாரின் தூண் சாய்ந்திருக்கிறது, அவர்கள் நாட்டில் எதுதான் நேராக நின்றது என்று அவர் தீர்ப்பளித்தார். தங்கள் கணியரும் எம் தூணைப் பற்றி இதையே சொல்லியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. எம் தூணுக்குத் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தோம், நேராகவே நின்றது. எம் நகரில் தங்கியிருக்கும் தங்கள் தூதர் கழுகனார், எம் விருந்தைக் குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை பரிமாறச் சொல்பவர், தங்கள் தூணையும் தச்சர்கள் ஆண்டுதோறும் குண்டு கட்டிச் சோதிப்பதாகக் கொற்றவை மேல் ஆணையிட்டார். இரண்டு தூணும் நேர், கதிரவன் ஒருவன், நாள் மட்டும் எப்படி இரண்டானது? கொள்முதல் சரி, விற்பனை சரி, பெட்டியில் மட்டும் துண்டு விழுகிறது என்றால் எந்த வணிகருக்கும் உறக்கம் வராது.

இந்தச் சிக்கலைத் துறைமுகத்துக் கல்விச்சாலையில் கொண்டுபோய்ப் போட்டோம். அங்குள்ள மாணாக்கர், மன்னிக்க வேண்டும், சந்தைக் காக்கைகள். ஒருவர் வாயில் இருப்பதை இன்னொருவர் பிடுங்குவார்கள். மரக்கலத் தலைவன் மகள் சாத்தி, உலகம் தட்டையாக இருந்தால்தானே இரு தூணுக்கும் ஒரே நாள் வரும், உருண்டையானால் எப்படி வரும் என்று கேட்டாள். கொற்றன் என்னும் மாணாக்கன், உருண்டையானால் வடக்கத்தியார் எல்லாரும் வழுக்கிக்கொண்டு நம் கடலில் வந்து விழுந்திருப்பார்களே என்றான். பூசணிக்காய் மேல் ஊரும் எறும்பு எந்தக் கடலில் விழுந்தது, உன் தலையைவிடப் பெரிய உருண்டையை நீ பார்த்ததில்லை போலும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கரைக்கு வரும் கலத்தில் முதலில் பாய்மர நுனியும் பிறகே உடலும் தெரிவதை நாள்தோறும் பார்த்தும் இது புரியவில்லையா என்று கல்விச்சாலை முழுதும் அவனைப் பிடித்துக்கொண்டது. கொற்றன் சளைக்கவில்லை; வாயால் சுடுவது வடை ஆகாது, செய்து காட்டு என்றான்.

உடனே அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து பெரிய பூசணி ஒன்று காணாமற்போனது. அதன் மேல் இரண்டு முட்களை, ஒன்று வெண்மணற்றுறை என்றும் அதற்கு வடக்கே மற்றொன்று செம்பொறை என்றும் சொல்லி, செங்குத்தாகக் குத்தினார்கள். வெயிலில் ஏந்தித் தெற்கு முள்ளின் நிழல் மறையும்படி நிறுத்தினால், வடக்கு முள் குட்டையாய் ஒரு நிழலைக் காட்டியது. காயை இம்மியளவு சாய்த்ததும் வடக்கு முள் நிழலை விழுங்கியது; தெற்கு முள்ளில் நிழல் முளைத்தது. பெருங்கணியார் காயைத் தம் கையில் வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, இறுதியில் அதைத் தர மறுத்துவிட்டார்.

கேட்டருள்க, இதுவே நுட்பம். கதிரவன் எண்ணவியலாத் தொலைவில் இருப்பதால் அவன் கதிர்கள் இரு ஊருக்கும் ஒரே போக்கில் வருகின்றன. உருண்டையின் வளைவால் நம் தூண்கள்தாம் வெவ்வேறு போக்கில் நிற்கின்றன. நேராக நின்றும் ஒரே போக்கில் நில்லாதவை அவை. உலகமோ தலைசாய்ந்த பம்பரம்போலத் தானும் சுழன்று கதிரவனையும் சுற்றிவருகிறது. அச்சாய்வு மாறாததால் ஆண்டில் ஒரு பாதி வடபுறத்தையும் மறுபாதி தென்புறத்தையும் அவனுக்குக் காட்டுகிறது. அதனால் அவன் உச்சி சித்திரையில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது: முதலில் எம் தலைக்கு மேல், பிறகு தங்கள் தலைக்கு மேல். ஆவணியில் திரும்பும்போது முதலில் தங்களுக்கு, பிறகே எமக்கு. முந்தியதில் எமக்குப் பெருமையும் இல்லை, பிந்தியதில் தங்களுக்கு இழுக்கும் இல்லை. நம் காலடி மண் இத்தனை விரைவாய் விண்ணில் ஓடிக்கொண்டிருக்க, நாம் அதன் மேல் உட்கார்ந்து எச்சில் இலைக்குப் போர் தொடுப்பது எமக்குச் சற்றுச் சிரிப்பாக இருக்கிறது.

எம் சொல்லை நம்பச் சொல்லவில்லை. வாங்குகிறவர் தம் படிக்கல்லையே வைத்து நிறுத்துப் பார்க்கட்டும். இவ்வோலையோடு ஒரு முழக்கோல் வருகிறது. அதன் இரட்டை எம்மிடம் உள்ளது. சித்திரை முடியும் முன் வரும் அமாவாசையன்று நடுப்பகலில் தங்கள் கோலை நட்டு, நிழலின் நீளத்துக்கு ஒரு குச்சியை நறுக்குக. அன்றே இங்கே கழுகனார் தம் கையால் எம் நிழலுக்கு ஒரு குச்சி நறுக்குவார். கதிரவன் அப்போது நம் இருவரையும் கடந்து வடக்கே நிற்பான். ஆகவே இரண்டு நிழலும் தெற்கே விழும், எம்முடையதே நீளமாக இருக்கும். இரு குச்சியையும் ஆற்றுமணலில் பக்கம் பக்கமாகக் கிடத்துவோம். எம் குச்சி நீளமானால், திருமணத்தை அதையடுத்த முழுநிலா நாளில் வளையாற்றங்கரையிலேயே முடிப்போம். நிழல் ஊருக்கு ஊர் மாறும். முழுநிலா நம் இரு ஊருக்கும் ஒரே இரவில் எழும். ஒருகால் எம் குச்சி குட்டையாகவோ சமமாகவோ இருந்தால், எம் தரப்பில் சொல்ல ஒன்றும் இல்லை. தாங்கள் விரும்பியதைச் செய்க.

அதுவரை படையை ஆற்றுக்கு அப்பால் நிறுத்துமாறு வேண்டுகிறோம். எம் கரையில் படை இல்லை. கல்விச்சாலை மாணாக்கரே முகாமிட்டிருக்கிறார்கள். தங்கள் வீரர் கடக்க முயன்றால் முதலில் இவர்கள் கேள்விகளுக்கு விடை சொல்ல நேரும். அதைவிட வேல் எளிது என்று எச்சரிக்கிறோம். தங்கள் நாட்டுக் கல்விச்சாலைப் பிள்ளைகளையும் ஆற்றங்கரைக்கு அனுப்பினால் பூசணிக்காய் எங்கள் பொறுப்பு.

பேரத்துக்கு ஈடு வேண்டும் என்பீர்கள். கேட்காமல் போவது தங்கள் குணம் அல்ல. இந்த ஓலையைத் தலைக்குமேல் ஏந்தித் தங்கள் அவையில் நிற்பவன் புழுதி படிந்த வழிப்போக்கன்போல் இருப்பான். சற்று உற்றுப் பாருங்கள். அவனே இளநாகன்; எமக்கு வேறு பிள்ளை இல்லை. வாளின்றி, துணையின்றி, தானே கேட்டுப் புறப்பட்டான். எம் கணக்கு பிழையானால் அவன் தங்கள் சிறைக்கு, சரியானால் தங்கள் பந்திக்கு. அவன் பார்வை அடிக்கடி மேலே போனால் தப்ப வழி தேடுவதாக எண்ண வேண்டாம். மாடத்துச் சாளரத்தில் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்தருள்க.

மன்னர்க்கு ஆணையிடும் தகுதி எமக்கு இல்லை. ஆகவே இவ்வோலையின் ஆணை எம் மகனுக்கே: இளநாகா, நிழலை அளந்து முடிக்கும்வரை அங்கிருந்து ஓர் அடியும் பெயராதே. தனியாகத் திரும்பி வராதே.

சங்கு இலச்சினை பதித்து, சித்திரைத் திங்களில், தூண் நிழல் தெற்கே சாய்ந்த ஒரு நடுப்பகலில் இவ்வோலை கட்டப்பட்டது. படித்தவர் வாழ்க, கேட்டவர் வாழ்க, அளந்து பார்ப்பவர் அதனினும் வாழ்க.