காரை அனுப்ப வேண்டாம்

பரளச்சி
18.2.1997

மதிப்பும் பிரியமும் உள்ள உங்களுக்கு, சந்தனம் எழுதுகிறேன். இங்கே அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் அது பாதிப் பொய். உங்கள் சுகத்தை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். நேற்று மத்தியானம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. நீங்கள்தான் என்று மாவு பிசைந்த கையோடு ஓடினேன். இறங்கியவர் நம் பஞ்சாயத்து கிளார்க் சுந்தரபாண்டி. தலைவருக்கு யூனியன் ஆபீசில் மீட்டிங், அதனால் அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாக என்று தலையைச் சொறிந்தார். காப்பி கொடுத்து, வெறும் காராகவே திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்க வரலேன்னா தலைவரு என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிருவாகம்மா என்று கெஞ்சினார். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். பட்டாளத்து அதட்டலை என்னிடம் வந்து காட்டுங்கள்.

அண்ணன் மகள் முனீஸ்வரி சடங்குக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? ரெண்டு நாள் இருந்துட்டு வா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்று அண்ணன் காதுபடச் சொன்னீர்கள். இலையில் பாயசம் விழுவதற்குள், நம் ஊரில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று ஆள் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனீர்கள். அது பொங்கல் முடிந்த கையோடு. இப்போது மாசியும் வந்துவிட்டது. கரிசலில் பருத்தி வெடித்து, எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன் வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணைக் கூட்டிப் போக மாப்பிள்ளை வரவேண்டும். இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து வேட்டியும் சேலையும் கொடுக்கவேண்டும். மதினி அதை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். கிளார்க் கையிலா கொடுத்து அனுப்புவாள்? உங்கள் விருந்துக்கு என்று கட்டிப்போட்ட சேவல் இப்போது கயிற்றை அறுத்துக்கொண்டு கொழுத்துத் திரிகிறது. அதற்கு நீங்கள் வராததில் ரொம்ப சந்தோஷம்.

என்னைக் கூட்டிப் போக நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? கல்யாணமான புதிதில் நீங்கள் எல்லையில் இருந்தீர்கள், உங்கள் தம்பி வந்தார். அது சரி. பட்டாளத்தை விட்டு வந்து தாலுகா ஆபீசில் சேர்ந்தீர்கள். அப்போது ஒரு வருஷம் வறட்சிக் கணக்கு, ஒரு வருஷம் தேர்தல் வேலை, ஜீப் டிரைவர் வந்தார். ரிட்டையர் ஆகட்டும் என்று பொறுத்தேன். மாலை போட்டு அனுப்பிய கையோடு ஊர்க்காரர்கள் உங்களைப் பிடித்துப் பிரசிடெண்டுக்கு நிற்க வைத்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஓட்டுப் போட்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வந்த அன்று கருத்தம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒன் வீட்டுக்காரரு நல்லா இருக்கணும் ஆத்தா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெருமை எனக்குப் போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் போதவில்லை. நமக்குப் பிள்ளை இல்லாத குறையை நீங்கள் ஊரை வைத்துத் தீர்த்துக்கொண்டீர்கள். எனக்கு நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

பிரஷர் மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மனுக் கொண்டு வருகிறவர்கள் வந்து உட்கார்வதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பசியே மறந்துபோகும். மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய பிராந்தி பாட்டில் பீரோவில் பூட்டியிருக்கிறது. சாவியைத் தேட வேண்டாம், என் முந்தானையில் இருக்கிறது.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நீங்கள் பட்டாளத்திலிருந்து லீவில் வருகிற அன்று நம் வீடே பஸ் ஸ்டாப்புக்குப் போகும். பெட்டி தூக்க உங்கள் தம்பி போவார், மாமா போவார், தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடும். புது மருமக ரோட்டுல போய் நிக்கிறது நம்ம வழக்கமில்ல என்று அத்தை என்னை நிறுத்திவிடுவார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, அத்தனை சத்தத்தில் உங்கள் குரல் எது என்று தேடுவேன். நீங்கள் எல்லோரிடமும் பேசி முடித்து, எல்லோரும் உங்களைப் பார்த்து முடித்து, ராத்திரிச் சோறு போடும்போதுதான் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அதற்குள் ஒரு நாள் லீவு கழிந்திருக்கும். இத்தனை வருஷமாகியும் அந்த ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

இப்போது மாமாவும் அத்தையும் இல்லை. எனக்கும் தலை நரைத்துவிட்டது. நான் ரோட்டில் போய் நின்றால் என்ன என்று கேட்க ஆள் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆபீசும் இல்லை, மீட்டிங்கும் இல்லை. திருச்சுழியிலிருந்து வருகிற காலை பஸ்ஸில் ஏறி வாருங்கள். கூட யாரையும் கூட்டி வராதீர்கள். நான் ஸ்டாப்பில் நிற்பேன். உங்களை முதலில் பார்க்கிறது நானாக இருக்கவேண்டும். அந்த பஸ்ஸில் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கும் நிற்பேன்.

இருளப்பசாமி உங்களுக்குத் துணையாக வரட்டும். குண்டு பட்ட கால், பஸ் நிற்பதற்கு முன்னால் அவசரப்பட்டு இறங்காதீர்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

உங்கள்
சந்தனம்மாள்